இருண்ட திரையும் வருங்கால வாசகனும்

ஒரே படைப்பைக் காட்டும் மூன்று கருவிகளில் எதை வைத்துக்கொள்வது என்பது கடைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதை இந்தப் பக்கங்களுக்குக் கொண்டுவர எனக்கு உள்ள நியாயம் ஒன்றுதான்: கடைக்காரனின் பதில் சரியாக இருந்தும் எனக்குப் போதவில்லை. வெளிச்சமாக இருப்பதை எடுத்துக்கொள் என்பான் அவன். எதை வெளிச்சமாக, யாருக்கு, எவன் செலவில் என்று கேட்கத் தொடங்கியதும் விஷயம் அவன் கையை விட்டுப் போய்விடுகிறது. நம் கைக்கு வந்துவிடுகிறது என்றும் சொல்ல முடியவில்லை.

பழைய விளையாட்டுக் கருவிகளைச் சேர்த்து வைக்கும் நண்பர் ஒருவர், தம்மிடம் இருக்கும் கேம் பாய் அட்வான்ஸ் கருவிகளில் ஒன்றை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கருவியை நிண்டெண்டோ மூன்று மாதிரிகளில் விற்றது. (நாலாவதாக மைக்ரோ என்று ஒன்றும் உண்டு; அதைப் பின்னால் சொல்கிறேன்.) 2001இல் வந்தது முதல் அட்வான்ஸ். 2003இல் வந்தது, மடித்து மூடக்கூடிய எஸ்பி. 2005இல் அதே எஸ்பியின் உடம்பில் வேறு திரையைப் பொருத்தி இன்னொன்று வந்தது. பார்த்த மாத்திரத்தில் இரண்டு எஸ்பிக்கும் வித்தியாசம் தெரியாது, பின்புறத்துச் சீட்டில் 001 என்றோ 101 என்றோ இருக்கும் எண்ணை வைத்துத்தான் சேகரிப்பவர்கள் பிரித்தறிகிறார்கள். மூன்றும் ஒரே கார்ட்ரிட்ஜை ஏற்கும். மூன்றிலும் படம் 240க்கு 160 புள்ளிகள்தான், திரையின் அளவும் ஒன்றே. வேறுபாடு ஒளியில் மட்டும். முதலாவதற்கு விளக்கே கிடையாது. வெளியிலிருந்து தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பித்தான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். இரண்டாவதில் திரையின் முன்புறமாக ஒளி சாய்ந்து வழியும், வேண்டாமென்றால் ஒரு பட்டனால் அணைத்துவிடலாம். மூன்றாவதில் ஒளி திரைக்குப் பின்னாலிருந்து வருகிறது. அதிலும் பட்டன் இருக்கிறது, ஆனால் அணைக்க இல்லை. கூட்டவும் குறைக்கவும் மட்டும்.

முதல் கருவியின் இருட்டு யாருடைய கவனக்குறைவாலும் வந்ததல்ல. அதற்கு ஒரு வம்சாவளி உண்டு. 1989இல் முதல் கேம் பாயை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த குன்பெய் யோகோய், விளக்கையும் வர்ணத்தையும் வேண்டாமென்று வைத்தார். அவருடைய கொள்கையில் வரும் ஜப்பானியச் சொல்லுக்கு வாடியது, உலர்ந்தது என்று பொருள். புதுமையின் ஈரம் வற்றி, விலை இறங்கி, குணமும் தோஷமும் முழுக்கத் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் எதிர்பாராத காரியத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது அவர் வாதம். அதே சொல்லுக்கு அங்கே கலை விமர்சனத்திலும் இடம் உண்டு. முதிர்ந்து அலங்காரம் உதிர்ந்துவிட்ட எளிமையைப் புகழவும் அதைச் சொல்வார்கள். ஒரு பொறியாளரின் சிக்கன விதிக்குள் இப்படி ஒரு அழகியல் சொல் ஒளிந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதே 1989இல் அடாரியின் லிங்க்ஸ் வந்தது, மறு வருஷம் ஸேகாவின் கேம் கியர். இரண்டுக்கும் வர்ணமும் பின்னொளியும் இருந்தன. இரண்டும் 6 பாட்டரிகளை நாலைந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. கேம் பாய் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் கிடந்த நாலே சாயல்களைக் காட்டிக்கொண்டு 4 பாட்டரியில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. பின்னால் வந்த கலர் மாதிரியையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றதாகக் கணக்கு. வியாபார எண்ணிக்கையை வைத்துக் கொள்கையை நிரூபிப்பது நம் வழக்கமல்ல. பல பேருடைய கண்கள் அந்த மங்கலுக்குப் பழகின என்பதற்காக மட்டுமே இதைச் சொல்கிறேன்.

யோகோய் 1996இல் நிண்டெண்டோவை விட்டார், 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார். 2001இல் அட்வான்ஸ் வந்தபோது அவர் இல்லை, அவர் விட்டுப்போன இருட்டு இருந்தது. நாலு சாயலுக்குப் பொருந்திய சிக்கனம், 32,768 வர்ணங்களைக் காட்டவல்ல திரைக்கு வந்தபோது வேறு காரியமாகிவிட்டது. முன்னோரின் தீர்மானத்தை அவருடைய காரணம் இல்லாமல் கைக்கொள்வது என்பது கருவிகளில் மட்டும் நடப்பதல்ல, ஆனால் அதற்குள் போகவில்லை.

என் கேள்விக்கு ஆதாரமான இரண்டு விளையாட்டுகளுக்கு வருகிறேன். இரண்டும் கொனாமியின் காஸ்ல்வேனியா வரிசையைச் சேர்ந்தவை. சாட்டை ஏந்திய ஒருவன் டிராகுலாவின் கோட்டைக்குள் புகுந்து அறை அறையாகப் போகிறான். சாரம் அவ்வளவுதான், செல்வம் முழுதும் சுவரிலும் தூணிலும் ஜன்னலிலும் இருக்கிறது. முதலாவது, சர்க்கிள் ஆஃப் தி மூன், 2001 மார்ச்சில் அட்வான்ஸ் ஜப்பானில் வெளியான அன்றே கூட வந்தது. கோட்டையை அதன் படைப்பாளிகள் கோட்டைக்கு உரிய இருட்டில் தீட்டினார்கள்: கரும்பழுப்பு, கருநீலம், அதற்குள் கரிய உருவங்கள். அந்த இருட்டை விளக்கில்லாத திரையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், புகழும்போதே கண் வலிக்கிறது என்றார்கள். வாங்கியவர்கள் மேஜை விளக்கின் கீழ் கருவியைச் சாய்த்துச் சாய்த்து, தன் முகம் பிரதிபலிக்காத ஒரு கோணத்தைத் தேடிப் பிடித்து, அந்தக் கோணத்திலேயே கழுத்தை நிறுத்தி விளையாடினார்கள்.

அடுத்தது 2002இல் வந்த ஹார்மனி ஆஃப் டிஸ்ஸனன்ஸ். இதைச் செய்தது வேறொரு குழு, பொறுப்பில் இருந்தவர் கொஜி இகராஷி. முந்தையதைப் பற்றிய புகார் இவர்கள் காதில் விழுந்திருந்தது. பின்னணிகளை வெளிற வைத்தார்கள், வர்ணங்களை ஓங்க வைத்தார்கள், நாயகனின் உருவத்தைச் சுற்றிலும் பளிச்சென்று ஒரு நீலக் கோடு இழுத்தார்கள். எந்த மங்கலிலும் அவன் எங்கே நிற்கிறான் என்பது தெரிய வேண்டும் என்பதற்காக.

இனி இவ்விரண்டையும் மூன்று கருவிகளிலும் போட்டுப் பார்க்க வேண்டும். நண்பர் வீட்டில் ஒரு பிற்பகல் முழுதும் நான் செய்தது அதைத்தான். 2001இன் கருவியில், ஜன்னலோரத்தில், ஹார்மனி சாந்தமாக இருக்கிறது. வர்ணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, நீலக் கோடு கோடாகவே தெரியவில்லை. உருவம் கொஞ்சம் எடுப்பாக நிற்பதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். சர்க்கிளைப் போட்டால் கரிப்பலகையில் கரி. 2005இன் கருவியில் எல்லாம் தலைகீழ். சர்க்கிளின் கோட்டை ஆழமும் ஈரமும் உள்ளதாக, பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டு போவதாக வருகிறது. ஹார்மனியோ திருவிழாக் கடையின் காகிதப் பூ: ஊதாவும் ரோஜாவும் கத்துகின்றன, நாயகன் நீல விளக்கைச் சுற்றிக்கொண்டு திரிபவன்போல் இருக்கிறான். நடுவிலுள்ள 2003இன் கருவியில் இரண்டுமே சாம்பல் பூசியதுபோல் வெளிறிக்கிடக்கின்றன. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இரண்டையும் ஒருசேர அவற்றின் நல்ல ரூபத்தில் காட்டும் கருவி இந்த மூன்றில் இல்லை. கருவியைத் தேர்ந்தெடுப்பவன் இரண்டில் ஒன்றைக் கைவிடுகிறான்.

இந்த இடத்தில்தான் விஷயம் நம்மைத் தொடுகிறது. கவிதையில் இருண்மை என்று நாம் ஒரு சொல்லை வெகுகாலமாகப் புழங்கி வருகிறோம். இங்கே அது வாச்சியார்த்தத்திலேயே கிடைக்கிறது. நம்மில் பலர் எழுதுவது, சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஒரு விளக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான். 300 பிரதி அச்சடித்து, பாதி கட்டிலுக்கடியில் கிடக்க, இன்று தெரியாவிட்டால் போகிறது, ஒருவன் வருவான், அவன் காலத்துக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். சர்க்கிள் ஆஃப் தி மூன் அந்த நம்பிக்கை பலித்த கதை. அது யாருக்காகவும் வெளிறவில்லை. நாலு வருஷம் காத்திருந்தது, விளக்கு வந்தது, அது அழகாக இருந்ததை எல்லோரும் கண்டார்கள். எழுத்தாளனுக்கு இதைவிட ஆறுதலான உவமை கிடைக்காது. அதனாலேயே எனக்கு இதில் சந்தேகம்.

அந்த விளக்கைச் சர்க்கிளின் படைப்பாளிகள் செய்யவில்லை. வரும் என்று அறிந்து அவர்கள் காத்திருக்கவும் இல்லை. அடுத்த மாதமே விற்றாக வேண்டிய சரக்கு அது. யாரோ வேறு காரணங்களுக்காக ஒரு திரையை மாற்றினார்கள், இவர்களுக்கு அதிருஷ்டம். வராமல் போன விளக்குகளுக்காகக் காத்திருந்து மங்கிப்போன படைப்புகளின் கணக்கை யாரும் எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது, ஏனென்றால் அவை தெரியவில்லை. இன்னொன்று இதைவிட முக்கியம். 2001இல் அதை வாங்கியவன் என்ன ஆனான்? மேஜை விளக்கின் கீழ் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு 2005ஆம் வருஷம் கிடையாது. அவனுக்கு இருந்தது அந்த மாலை நேரம்தான். அவன் கண்ணுக்கு வேலை கொடுத்ததைத் தவிர அந்தப் படைப்பின் ஆழம் அவனுக்கு எதைத் தந்தது? வருங்கால வாசகனைப் பற்றிப் பேசும்போது நாம் மிகுந்த பணிவோடு பேசுவதாகத் தோன்றும். அவன் நம்மைக் கேள்வி கேட்க முடியாதவன் என்பதால் அவனிடம் பணிவது எளிது. எதிரில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்குகிறவனிடம் பணிவது கஷ்டம்.

ஹார்மனி அவனிடம் பணிந்தது. நம் அகராதியில் இதற்குத் தயாராக ஒரு சொல் இருக்கிறது, சமரசம். நான் அந்தச் சொல்லை இங்கே ஏற்கவில்லை. ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று பார்த்து அதைக் கொடுப்பது ஒன்று. அவர்களுக்கு எது தெரிகிறது என்று பார்த்து, தான் கொடுக்க வந்தது தெரியும்படி செய்வது வேறொன்று. நீலக் கோடு யாருக்கும் இனிப்பாக இருக்கட்டும் என்று போட்டதல்ல. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தெளிவாக எழுதுகிறவனையெல்லாம் ஜனரஞ்சகத்தின் பக்கம் தள்ளிவிடுவது நம் சிறு வட்டத்தின் பழைய சௌகரியம். ஆனால் ஹார்மனியின் வழக்கை அப்படியே வென்றுவிட்டதாகவும் சொல்ல முடியவில்லை. தன் காலத்தின் குறையை அவ்வளவு துல்லியமாக அளந்து அதற்கேற்பத் தன்னை வளைத்துக்கொண்ட படைப்பு, அந்தக் குறை நீங்கியதும் வளைந்தபடியே நிற்கிறது. அந்தக் குறையை அறியாத அடுத்த தலைமுறை அதைப் பார்த்து மலினம் என்கிறது. கருணைக்கு இது என்ன கூலி என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனாலும் அந்த ஊதா நிறம் கண்ணை உறுத்துவது உண்மை. 2003இல் அதே இகராஷியின் பொறுப்பில் வந்த ஆரியா ஆஃப் ஸாரோ ஓங்கிய வர்ணங்களைத் தணித்துக்கொண்டது. எஸ்பி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

அசல் அனுபவம் வேண்டும் என்பவர்கள் முதல் கருவியைத்தான் எடுப்பார்கள். படைக்கப்பட்ட காலத்தில் எப்படித் தெரிந்ததோ அப்படிப் பார்ப்பதே நேர்மை என்பது அவர்கள் கட்சி. இதில் ஒரு பக்திதான் தெரிகிறது எனக்கு. 2001இல் கண்ணைச் சுருக்கியவன் அசல் அனுபவம் எதையும் அடைந்துகொண்டிருக்கவில்லை, சிரமப்பட்டுக்கொண்டிருந்தான். அவன் சிரமத்தை நாம் விலை கொடுத்து வாங்கி ரஸனை என்று பெயரிடுவது கொஞ்சம் அசிங்கம். தவிர, கருவிக்கு மட்டும் மாதிரிகள் இருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு 57 வயது. பன்னிரண்டு வயதுக் கண் அந்த மங்கலில் பார்த்ததை என் கண் அதே மங்கலில் பார்க்காது. அவன் பார்த்ததைப் பார்க்க எனக்கு அவனைவிட அதிக வெளிச்சம் வேண்டும். அப்போது அசலுக்கு அருகில் இருப்பது எந்தக் கருவி?

நண்பர் நாலாவதாக ஒரு வழியும் சொன்னார். முதல் அட்வான்ஸின் உடம்பைத் திறந்து, பழைய திரையை எடுத்து எறிந்துவிட்டு, இன்றைய திரை ஒன்றைப் பொருத்துகிறார்கள். சிலவற்றுக்கு உட்புறத்துப் பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டும், வெட்டினால் வெட்டியதுதான். உருவம் 2001, பார்வை இன்று. இந்தக் கருவிகளை யாரும் இப்போது செய்வதில்லை என்பதால் ஒவ்வொரு வெட்டும் உலகிலுள்ள எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது, என்றாலும் அலமாரியில் செத்துக் கிடப்பதைவிட இது மேல் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. என் தயக்கம் வேறு. பழைய திரைகள் மெதுவானவை, ஒரு படம் அழிந்து முடிவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் படியும். இந்தக் குறையைச் சில படைப்பாளிகள் மொழியாக்கிக்கொண்டார்கள். ஒரு நிழலை ஒரு கணம் காட்டி மறுகணம் மறைத்து மாறி மாறிச் செய்தால், மெதுவான திரையில் இரண்டும் கலந்து, நிழல் பாதி ஊடுருவித் தெரியும். கருவியால் செய்ய முடியாத ஒன்றைக் கருவியின் சோம்பலைக் கொண்டு செய்தார்கள். வேகமான புதுத் திரையில் அந்த நிழல் வெறுமனே துடிக்கிறது. துல்லியம் கூடக்கூட அர்த்தம் கழன்றுவிடும் இடங்கள் உண்டு என்பதற்கு இவ்வளவு ஸ்தூலமான உதாரணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1998இல் வந்த கேம் பாய் கலரும் இப்படி ஒரு காரியம் செய்தது. நாலு சாயலில் தீட்டப்பட்ட பழைய கார்ட்ரிட்ஜைச் செருகினால் அது தானாகவே சில வர்ணங்களைப் பூசிக் காட்டும். பிடிக்காவிட்டால் கருவியைப் போடும்போது பட்டன்களை அழுத்தி வேறு வர்ணங்களை நாமே பூசிக்கொள்ளலாம். படைத்தவன் கேட்காத வர்ணம். இதற்கு எதிர்முனையில் 2005இன் மைக்ரோ இருக்கிறது: மிகச் சிறியது, திரையின் கூர்மையில் எல்லாவற்றையும் விஞ்சியது, 2001க்கு முந்தைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ் ஒன்றையும் ஏற்காது. அழகான உடம்பும் மறதியுமாக. அதை நண்பர் தருவதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆக, எதை எடுப்பது? சர்க்கிளுக்காகக் கடைசிக் கருவி, ஹார்மனிக்காக முதல் கருவி என்று வழக்கு நிற்கிறது. என் அனுதாபம் ஹார்மனியின் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். தர்க்கப்படி நான் முதல் கருவியை எடுக்க வேண்டும். ஆனால் அன்று பிற்பகல் நான் கண்ட ஒன்று குறுக்கே நிற்கிறது. முதல் கருவியில் அந்த நீலக் கோடு தெரியவில்லை என்றேன். அதன் வேலை அங்கே முடிந்துவிடுவதால் அது மறைந்துவிடுகிறது. உதவி உதவியாகத் தெரியாமல், நாயகன் இயல்பாகவே எடுப்பாக நிற்பதுபோலத் தோன்றுகிறது. 2005இன் கருவியில்தான், வேண்டாத வெளிச்சத்தில், அந்தக் கோடு கோடாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இருட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவனை நினைத்து, உருவத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வைத்த நீலம். அது அசிங்கமாக இருக்கிறது. அசிங்கமாக இருப்பதால்தான் அது வைக்கப்பட்டது என்பதே எனக்குத் தெரிந்தது. சர்க்கிளை அந்தத் திரை அழகாக்குகிறது என்பதற்காக அல்ல, ஹார்மனியைக் கெடுக்கிறது என்பதற்காகவே அது எனக்கு வேண்டியிருக்கிறது.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். இவ்வளவு யோசித்து விட்டுக் கடைக்காரன் சொன்னதையே எடுக்கிறீர்களே என்றார். ஆமாம் என்றேன். பெட்டியில் தேடி, பின்புறத்துச் சீட்டில் 101 இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து எடுத்துக் கொடுத்தார். உள்ளே இருக்கும் பாட்டரி பழையது, உப்பியிருந்தாலும் இருக்கும், சார்ஜ் போடுவதற்கு முன் மாற்றிவிடுங்கள் என்றார். ஒரு சின்ன ஸ்குரூவைக் கழற்றினால் போதுமாம்.